பனிக்கரடியும் மிதக்கும் பிரிட்ஜும்

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகத்தில், மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து அறிவியல் பேசுவது என் வழக்கம். 2024 ஜூலையில் அங்கே ஓர் ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு ‘பருவநிலை மாற்றம்’. முப்பத்தெட்டு படங்கள் வந்தன. பாதிக்கு மேற்பட்ட படங்களில் பூமிப் பந்து வாயில் தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. ஒன்பது படங்களில், உருகும் பனிப்பாளத்தின் மேல் ஒரு பனிக்கரடி நின்றது. உப்பளமும் பனைமரமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வரைந்த பனிக்கரடிகள்.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி வரைந்தது. வீட்டுக்குள் பழுப்புத் தண்ணீர். அதில் பிரிட்ஜ் ஒன்று மல்லாந்து மிதக்கிறது. மொட்டை மாடியில் நான்கு பேர், அவர்களுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர். பிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த மாம்பழ ஸ்டிக்கரைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். படத்தைக் கொடுக்கும்போது தயங்கினாள். “இது தலைப்புக்கு வராதுன்னு அம்மா சொன்னாங்க சார். பரவாயில்லையா?”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்த மழை அது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வானத்திலிருந்து வந்தது. அந்தப் பிள்ளை அதற்குள் நின்றவள். அவளுக்குத்தான் தன் படம் தலைப்புக்குள் வருமா என்று சந்தேகம். பனிக்கரடி வரைந்த ஒன்பது பேருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வரவே இல்லை.

பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம் எவ்வளவு புரிகிறது, அதில் எவ்வளவு அக்கறை என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. அக்கறை நிறைய இருக்கிறது. தகவலும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் தான் கண்ணால் பார்த்ததற்கும் காதில் விழுந்ததற்கும் நடுவே கயிறு கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் பிள்ளைகள் கையில் கிடைத்ததை வைத்துத் தாங்களே முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த முடிச்சுகளைப் பெரியவர்கள் ‘தவறான புரிதல்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நாம் கொடுத்த நூல்தான் இருக்கிறது.

முதலில் சொற்களையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “பசுமை இல்ல வாயுன்னா நல்லதுதானே சார்? அப்புறம் ஏன் அதைக் குறைக்கணும்?” எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. பசுமை வளாகம், பசுமைத் தீபாவளி என்று எங்கும் பசுமை. அவன் அறிந்தவரை பசுமை என்றால் நல்லது, எந்த விலக்கும் கிடையாது. குளிர்நாட்டில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடி வீட்டின் பெயரை அப்படியே கொண்டுவந்து அவன் தலையில் வைத்துவிட்டோம். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் பார்த்த பிள்ளைக்கு வேண்டுமானால் அந்தக் குடில் தெரிந்திருக்கும். இவனிடம், மத்தியான வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரைச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டான். அந்த உவமையிலும் ஓட்டை உண்டு. கார் சூடான காற்றை வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது. வாயுக்கள் செய்வது வேறு: சூரிய ஒளியை உள்ளே விட்டுவிடும், தரை சூடாகித் திருப்பி அனுப்பும் வெப்பக் கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கைக் கீழேயே அனுப்பும். இதைப் பெரிய வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஏழாம் வகுப்புக்குக் கார் போதும்.

அடுத்தது, அந்தப் பசுமை இல்ல வாயுக்களில் முக்கியமான கரியமில வாயு. பாடப்புத்தகம் இப்போது கார்பன் டை ஆக்சைடு என்கிறது, ஆனால் வீட்டிலும் டிவியிலும் பழைய பெயர் உயிரோடு இருக்கிறது. ‘கரி’ என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளையின் மனதில் கறுப்புப் புகை எழுந்துவிடுகிறது. லாரியின் பின்னால் வருவது, செங்கல் சூளையில் எழுவது, குப்பைமேடு எரிவது எல்லாம் அதில் சேரும். புகை இல்லாவிட்டால் வாயுவும் இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தெரியும். புகை கண்ணில் படாத நாளிலும் நிலக்கரி எரிகிற வரைக்கும் அந்த வாயு போய்க்கொண்டேதான் இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கண்ணில் படாத ஒன்று இவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஓசோன் கதை இன்னும் சுவாரசியமானது. வானத்தில் உயரே இருந்து சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வாயுப் படலம் அது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் அதில் விழுந்த ஓட்டை அல்ல. ‘பூமி ஏன் சூடாகிறது’ என்று எந்த வகுப்பில் கேட்டாலும், “ஓசோனில் ஓட்டை விழுந்ததால் வெயில் அதிகமாக உள்ளே வருது” என்று நாலைந்து கைகளாவது உயரும். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. 1990களில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பாய்ஸ், மார்ட்டின் ஸ்டானிஸ்ட்ரீட் இருவரும் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தபோதும் இதே பதில் வந்தது. ஈயம் கலக்காத பெட்ரோல் போட்டால் புவி வெப்பம் குறையும் என்று நம்பிய பிள்ளைகளும் அங்கே நிறைய. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது அந்த வயதின் இயல்பு. நாமும் அந்த மூட்டையை இறுக்கித்தான் கட்டுகிறோம். செப்டம்பர் 16 ஓசோன் நாள் உறுதிமொழி, ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் மரக்கன்று, நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம். மூன்றும் ஒரே மைக்கில், ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. பிள்ளை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஓசோன் பற்றிச் சொல்லவேண்டிய நல்ல செய்தியும் பிள்ளைகளை எட்டவில்லை. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கையில் உலகம் கையெழுத்திட்டது, பழைய பிரிட்ஜ்களிலும் ஸ்பிரேக்களிலும் இருந்த, ஓசோனைச் சிதைக்கும் குளோரோபுளோரோ கார்பன்களைப் படிப்படியாக நிறுத்தியது. ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டுகொண்டிருக்கிறது. அண்டார்க்டிகாவுக்கு மேலேகூட 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஐ.நா. சார்ந்த அறிவியல் குழுவின் கணிப்பு. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, “அப்ப இதையும் சரி பண்ண முடியும்ல?” என்று கேட்டது. ஓட்டையை மட்டும் சொல்லி, அடைபடுவதைச் சொல்லாமல் எத்தனை வருஷத்தை வீணடித்திருக்கிறோம் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது.

கடலோர ஊர்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. சுனாமியும் பருவநிலை மாற்றத்தால் வந்ததுதானே என்று கேட்பார்கள். 2004-இல் வந்தது கடலுக்கடியில் நடந்த நிலநடுக்கத்தால். காலநிலைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் மிகக் கூர்மையானது என்று நான் நினைப்பது இது: “நாங்க மூச்சு விடுறதும் கரியமில வாயுதானே? அப்ப நாங்களும்தானே காரணம்?” கேட்ட சிறுவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். நீ விடும் மூச்சில் உள்ள கரி, காலையில் நீ சாப்பிட்ட இட்லியிலிருந்து வந்தது. இட்லி நெல்லிலிருந்து வந்தது. நெற்பயிர் அதைப் போன போகத்தில் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறாய், கணக்கு நேராகிவிடுகிறது. நிலக்கரி அப்படியில்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மண்ணுக்குள் போன மரங்களின் கரி அது. நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரியும் அதே வகைதான். புதைந்து கிடந்ததை எடுத்து எரித்தால், காற்றின் கணக்கில் புதிதாக ஏறும். அவன் மூச்சை விட்டான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, எத்தனை பிள்ளைகள் இப்படிக் கேட்காமலே தங்களைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று இருந்தது.

இந்தக் குற்ற உணர்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ‘ஃபேனை அணை, குழாயை மூடு, மஞ்சப்பை எடுத்துப் போ’ என்பவை நல்ல பழக்கங்கள், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் காலநிலை மாற்றத்துக்கு மருந்தே இவைதான் என்கிறமாதிரி அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் சொல்லும்போது ஏதோ இடிக்கிறது. ஓர் இந்தியர் சராசரியாக ஓர் ஆண்டில் வெளியிடுவது ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கர் அதைப்போல ஏழு மடங்கு. அந்த 2 டன் சராசரியிலும் ஏசி வீட்டுக்காரரும், இரண்டு கார் வைத்திருப்பவரும், ஒற்றை ஃபேனுக்குக் கீழே ஐந்து பேர் படுக்கும் குடும்பமும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் ‘பூமியைக் காப்பது உன் கையில்’ என்று எழுதவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, ஆரல்வாய்மொழியில் பஸ் ஜன்னல் வழியே பார்த்த காற்றாலை என்ன செய்கிறது, நாடே பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏன் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு உலகம் புரியும். குற்ற உணர்வை மட்டும் கொடுத்தால் ஒரு கட்டத்தில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும்.

பயமும் அப்படித்தான். 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, 2021-இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. 59 சதவீதம் பேர், காலநிலையை நினைத்து மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதம். அது ஆன்லைனில் நடந்த ஆய்வு, இன்டர்நெட் கையில் இருப்பவர்கள்தான் பதில் சொல்லியிருப்பார்கள். எங்கள் நூலகப் பிள்ளைகளின் பயம் வேறு வகை. உலகம் அழியுமா என்று அவர்கள் கேட்பதில்லை. “இந்த வருஷமும் தண்ணி வருமா?” என்றுதான் கேட்கிறார்கள். வானம் இருட்டினால் புத்தகப் பையை எடுத்து அலமாரி மேல் வைக்கும் பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

இது எத்தனை பிள்ளைகளின் விஷயம் என்றால், 2021-இல் யுனிசெஃப் வெளியிட்ட குறியீட்டின்படி, காலநிலை ஆபத்து மிக மிக அதிகமாக உள்ள 33 நாடுகளில் 100 கோடிப் பிள்ளைகள் வாழ்கிறார்கள். உலகப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி. அந்த வரிசையில் இந்தியா 26-ஆம் இடத்தில் இருந்தது. நம் பிள்ளைகளின் காலண்டரே நகரத் தொடங்கிவிட்டது. 2023-இல் ஜூன் 1-இலும் 5-இலும் திறக்கவேண்டிய பள்ளிகள் வெயிலால் 7-க்குப் போய், அப்புறம் 12-க்கும் 14-க்கும் போயின. 2024-இலும் ஜூன் 6 என்றது 10 ஆனது. மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்து, கலெக்டர் லீவு விட்டாரா என்று பார்ப்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டியதில்லை. அந்த நேரத்தில் வானிலை வரைபடத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கும் வேறு யாரும் வீட்டில் இல்லை என்பதைக் கவனித்தால் போதும்.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பது பெரியவர்களுக்கே குழப்பம். தமிழ்ப் பிள்ளைக்கு அதைச் சொல்ல நமக்கு எளிய வழி இருக்கிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது காலநிலை. இன்றைக்குக் குடை எடுத்துப் போகவேண்டுமா என்பது வானிலை. ஆடிப்பட்டம் தேடி விதை என்றவர்கள் பல தலைமுறைகளின் சராசரியைத்தான் சொன்னார்கள். 2023 வெள்ளம் வந்தது மார்கழி முதல் தேதியில். “மார்கழி பிறந்த அன்னைக்கு இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்ல” என்று மிதக்கும் பிரிட்ஜ் வரைந்த சிறுமியின் பாட்டி சொன்னாராம். பாட்டியின் நினைவு ஒரு காலநிலைப் பதிவு என்று அவளிடம் சொன்னேன். அந்த ஒரு மழையைப் புவி வெப்பமே கொண்டுவந்தது என்று நாம் நேராகச் சொல்லிவிட முடியாது என்பதையும் சொன்னேன். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது அதிகமாகக் கொட்டுவதற்கு வாய்ப்பு கூடுகிறது. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். பிள்ளைகள் இந்த மாதிரி ‘இவ்வளவுதான் தெரியும்’ என்ற பதிலைச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாசலில் பார்த்ததிலிருந்து தொடங்கிய பிள்ளைகள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தன் தெருவில் இஸ்திரி போடுபவர் அடுப்புக்கரி எரிப்பதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்தார். அந்த யோசனை அவரை 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டு மேடையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஹரித்துவாரின் ரிதிமா பாண்டேவை உலுக்கியது 2013 கேதார்நாத் வெள்ளம். 2017-இல், ஒன்பது வயதில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டார். அது தள்ளுபடியானது. 2019-இல் ஸ்வீடனின் கிரெட்டா துன்பெர்க் உள்ளிட்ட 16 பேரில் ஒருவராக ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழுவிடம் போனார். முதலில் அவரவர் நாட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று 2021-இல் அங்கேயும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அதே குழு 2023-இல், காலநிலைக் கேட்டிலிருந்து பிள்ளைகளைக் காப்பது அரசுகளின் கடமை என்று தன் 26-ஆவது பொதுக் கருத்துரையில் எழுதியது.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? எல்லா வகுப்பிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்ற திசையில் நம் உச்ச நீதிமன்றம் 1991-லேயே, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உத்தரவு போட்டுவிட்டது. உலக நிலைமையோ பெருமைப்படும்படி இல்லை. 2021-இல் யுனெஸ்கோ 100 நாடுகளின் பாடத்திட்டங்களைப் பார்த்தபோது, 47 சதவீதத்தில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. பாடம் இருக்கும் இடத்திலும் அது ஐந்து மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப்போகிறது.

பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டுக்கும் போகும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரை ஒட்டிய காலநிலைப் பாடம் நடத்தி, பெற்றோரையும் பேட்டி எடுக்கவைத்தார்கள். 2019-இல் வந்த முடிவு: பெற்றோரின் அக்கறையும் கூடியிருந்தது, அதிலும் அப்பாக்களிடம் அதிகம், மகள்கள் சொன்னபோது இன்னும் அதிகம். பேட்டி எடுப்பது என்ற யோசனையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரவேண்டும்: உங்கள் சின்ன வயதில் குளம் எந்த மாதம் நிரம்பும்? கோடையில் எங்கே படுப்பீர்கள்? அடுத்த சனிக்கிழமை நோட்டு நிறையப் பதில்கள் வந்தன.

அப்புறம் மழைமானி செய்தோம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகினால் புனல். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் போட்டோம். அதற்கு மேல் ஸ்கேல் ஒட்டினோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அப்படியென்றால் காயல்பட்டினத்தின் 95 செ.மீ. எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். 950 லிட்டர். கோலம் போடும் அளவு இடம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு முழு சின்டெக்ஸ் டேங்க். அந்த எண்ணைக் கண்டுபிடித்தவள் மிதக்கும் பிரிட்ஜ் வரைந்த அதே பிள்ளை. கரும்பலகையில் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “அதான் பிரிட்ஜே மிதந்துச்சு” என்றாள்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை அவள் பாட்டிலில் 31 மி.மீ. இருந்தது. எதிர்த் தெருப் பையன் பாட்டிலில் 44. யார் அளந்தது சரி என்று நூலக வாசலில் பெரிய சண்டை. நான் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவளே வீட்டுக்குப் போனாள், சன்ஷேடுக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்து முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தாள்.